"இன்னைக்கு என்ன படிச்ச?" "ஒண்ணுமில்ல!": தொடக்க வகுப்பும் வீடும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். கீழே இருக்கும் கேள்விகளில் பாதி சக ஆசிரியர்கள் கேட்டவை, பாதி பெற்றோர் கேட்டவை. இரண்டையும் கலந்தே வைத்திருக்கிறேன். ஒருவர் கேள்விக்கான பதில் மற்றவருக்கும் தெரிந்திருப்பது நல்லதுதான்.

தினமும் "என்ன படிச்ச?" என்று கேட்கிறேன். "ஒண்ணுமில்ல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. வகுப்பில் உண்மையிலேயே எதுவும் நடப்பதில்லையா?

நடக்கிறது. கேள்விதான் ரொம்பப் பெரிது. ஏழு வயதுக் குழந்தையிடம் ஒரு முழு நாளைச் சுருக்கிச் சொல்லச் சொல்கிறோம். நம்மிடம் யாராவது "இன்றைக்கு வேலையில் என்ன நடந்தது?" என்று கேட்டால் நாமும் "வழக்கம்போலத்தான்" என்றுதானே சொல்லிவிட்டுப் போகிறோம்? அதிலும் குழந்தையின் நினைவில் நாள் என்பது கணக்கு, தமிழ், அறிவியல் என்று அடுக்கி வைக்கப்பட்டிருக்காது. யார் பக்கத்தில் உட்கார்ந்தோம், யாருடைய அழிப்பான் காணாமல் போனது, மிஸ் எதற்குச் சிரித்தார் என்பதாகத்தான் இருக்கும். பாடம் அந்த நினைவுகளுக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் கேள்வியைச் சின்னதாக்குங்கள். "கழித்தல் கணக்குக்குப் பத்துக் குச்சிக் கட்டை அவிழ்த்தீங்களாமே, எதுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், நிறுத்தாமல் பேசுவார்கள். சரி, வகுப்பில் குச்சிக் கட்டை அவிழ்த்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்ல வேண்டியது ஆசிரியரின் வேலை. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவதும் ஏறக்குறைய அதுதான். பெற்றோர் வீட்டில் இரண்டாவது ஆசிரியராக மாற வேண்டியதில்லை. வகுப்பில் நடந்ததில் ஏதாவது ஒன்று குறிப்பாகத் தெரிந்தால் போதும், மீதியைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.

என் வகுப்பில் கடைசி ஐந்து நிமிடம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் "இன்றைக்கு வீட்டில் சொல்லப்போவது இது" என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தது வீடு போகும்வரை நினைவில் தங்குகிறது. இன்னொன்று, பையைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நிறுத்திக் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் குழந்தைக்கு வேண்டியது பசிக்கு ஏதாவதும் கொஞ்சம் அமைதியும்.

வாராவாரம் பெற்றோருக்குக் குறிப்பு அனுப்பச் சொல்கிறார்கள். அதில் என்னதான் எழுதுவது?

முதலில் எப்படி எழுதக் கூடாது என்று சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் நான் பல வருடம் எழுதினேன். "இந்த வாரம் கணக்கில் கழித்தல், தமிழில் நான்காம் பாடம், அறிவியலில் தாவரங்கள். பெற்றோர் வீட்டில் தக்க பயிற்சி அளிக்கவும்." ஒருநாள் ஒரு அம்மா வந்து, முந்தின இரவு மகளை உட்காரவைத்து ஐம்பது கழித்தல் கணக்கு போட வைத்ததாகவும், அவள் அழுதுகொண்டே தூங்கிப்போனதாகவும் சொன்னார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "தக்க பயிற்சி" என்று எழுதினால் அவர் வேறு என்னதான் புரிந்துகொள்வார்?

இப்போது எழுதுவது இப்படி: "இந்த வாரம் 52-லிருந்து 27-ஐக் கழிக்க, ஐந்து பத்துகளில் ஒன்றை உடைத்துப் பத்து ஒன்றுகளாக்கினோம். வீட்டில் 43-லிருந்து 18 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். விடை வந்ததும் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சொல்லச் சொல்லுங்கள். தப்பாக வந்தால் திருத்த வேண்டாம், எங்கே தடுமாறினாள் என்று எனக்கு ஒரு வரி அனுப்புங்கள்." இவ்வளவுதான். வகுப்பில் என்ன செய்தோம், வீட்டில் என்ன கேட்கலாம், வராவிட்டால் என்ன செய்வது என்று மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. மூன்றாவதை நாம் எப்போதும் மறந்துவிடுகிறோம். வீட்டில் சண்டை தொடங்குவதோ சரியாக அந்த இடத்தில்தான்.

எல்லாப் பாடத்துக்கும் எழுத வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். ஆறு பாடத்துக்கும் சேர்த்து ஒரு பக்கம் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள், நானே படிக்க மாட்டேன்.

இவ்வளவு சின்னச் செய்தியால் ஏதாவது ஆகுமா?

ஆகும் என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், தவறவிட்ட பாடங்களைக் கோடை வகுப்பில் திரும்பப் படித்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோருக்கு வாரம் ஒரே ஒரு வரி அனுப்பிப் பார்த்தார்கள். மாணவர் எப்படிப் படிக்கிறார் என்று அந்தந்த ஆசிரியர் தனித்தனியாக எழுதிய வரி அது. பாடத்தை முடிக்காமல் போனவர்களின் பங்கு 15.8 சதவீதத்திலிருந்து 9.3 ஆகக் குறைந்தது. பாதியில் நின்றுபோகிறவர்கள் குறைந்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். பெரிய பிள்ளைகளிடம் செய்த ஆய்வு என்பதால் அந்த எண்ணை அப்படியே தொடக்க வகுப்புக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் ஒரு வரி, அதுவும் அந்தப் பிள்ளையைப் பற்றிய வரி, வீட்டில் ஒரு பேச்சைக் கிளப்பிவிடும் என்பதை என் வகுப்பிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருந்தால் போதாதா?

நாளைக்கு வண்ணப் பென்சில் கொண்டுவரவும் என்று சொல்ல குரூப் நல்லது. ஒரு குழந்தையைப் பற்றிப் பேச அது ஏற்ற இடமே இல்லை, பாராட்டாக இருந்தாலும் கூட. ஒருவரைப் பாராட்டினால் மீதிப் பெற்றோர் அமைதியாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். முடிந்தால் ஆசிரியர் மட்டும் எழுதும்படி குரூப்பை வைத்துக்கொள்ளுங்கள். பதில்கள் தனியாக வரட்டும். இரவு எத்தனை மணிக்கு மேல் பதில் தர மாட்டீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் விட்டால்தான் வருத்தம்.

சில பெற்றோர் எதற்கும் பதில் போடுவதில்லை, கூட்டத்துக்கும் வருவதில்லை. அக்கறை இல்லாதவர்களை எப்படி இழுப்பது?

அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். பள்ளிக்கு வராதவர் வீட்டில் ஒன்றும் செய்வதில்லை என்று நினைப்பது நம் தொழிலில் இருக்கும் பழைய நோய். இரவு வேலைக்குப் போகிறவர், இரண்டு வேலை பார்க்கிறவர், கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர் இவர்களெல்லாம் மாலை நாலு மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்கள்? சிலருக்குப் பள்ளிக்கூடம் என்றாலே அவர்கள் வாங்கிய அடியும் திட்டும்தான் ஞாபகம் வரும். வகுப்பறை வாசலைத் தாண்டும்போதே தோள் ஒடுங்கிவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கும் குடும்பத்துக்கும் உள்ள உறவைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் ஜாய்ஸ் எப்ஸ்டீன், பெற்றோர் பங்கேற்பை ஆறு வகையாகப் பிரிக்கிறார். குழந்தை வளர்ப்பு, தகவல் பரிமாற்றம், பள்ளியில் தொண்டு, வீட்டில் கற்றல், முடிவெடுப்பதில் பங்கு, சமூகத்தோடு கூட்டு. இந்த ஆறில் பள்ளிக் கட்டடத்துக்குள் நடப்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நாம் வருகைப் பதிவேட்டை வைத்து அளப்பது அவற்றை மட்டும்தான்.

நான் செய்வது இது. வருடத் தொடக்கத்தில், எந்தப் பிரச்சினையும் வருவதற்கு முன்பே, எல்லார் வீட்டுக்கும் ஒருமுறை போன் செய்துவிடுவேன். இரண்டே நிமிடம். உங்கள் பிள்ளையிடம் எனக்குப் பிடித்தது இது, நான் அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா, உங்களோடு பேச எந்த நேரம் வசதி என்று கேட்பேன். பிள்ளையைப் பற்றிக் கேட்கும் அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் வருடம் முழுக்க உதவும். முதல் அழைப்பே புகாராக இருந்தால், அடுத்த முறை உங்கள் எண்ணைப் பார்த்ததும் போனை எடுக்க மாட்டார்கள். நானாக இருந்தாலும் எடுக்க மாட்டேன்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், பள்ளி மொழி பேசத் தெரியாத பெற்றோர் என்ன செய்வது?

அவர்களுக்கு எழுத்தைவிடக் குரல் பதிவு நல்லது. அதைவிட நல்லது குழந்தை வாயால் போகும் செய்தி. விளக்கிச் சொல்லும் வேலை எப்போதுமே குழந்தையுடையதுதான். கேட்பவருக்குப் பாடம் தெரியாமல் இருப்பது பல நேரம் வசதியாகக் கூட அமைந்துவிடும், ஏனென்றால் அரைகுறையாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. "எனக்குப் புரியலையே, இன்னொரு தடவை சொல்லு" என்று உண்மையாகவே கேட்கிற ஒரு பாட்டியைவிட நல்ல மாணவர் யாருக்குக் கிடைப்பார்?

வீட்டு மொழியை விட்டுவிட்டுப் பள்ளி மொழியிலேயே பேசுங்கள் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். தனக்கே தடுமாற்றமான மொழியில் ஒரு தாய் எவ்வளவு பேசுவார்? பேச்சு வற்றிவிடும். பாதியும் கால்பாகமும் என்னவென்று வீட்டு மொழியில் விளக்கத் தெரிந்த குழந்தைக்குப் பின்னம் தெரியும். வகுப்பில் அதற்கான சொற்களை மட்டும் கற்றுக்கொண்டால் ஆயிற்று.

வீட்டுப்பாடம் எவ்வளவு இருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் செய்து கொடுக்கலாமா?

வீட்டுப்பாட ஆராய்ச்சியில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஹாரிஸ் கூப்பரும் அவருடன் இருந்தவர்களும் 2006-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மேல் வகுப்புகளில் தெளிவாகத் தெரிகிறது, தொடக்க வகுப்புகளில் பலவீனமாகத்தான் இருக்கிறது. வகுப்புக்குப் பத்து நிமிடம் என்று ஒரு கணக்கு உண்டு. முதல் வகுப்புக்குப் பத்து நிமிடம், மூன்றாம் வகுப்புக்கு முப்பது, அதுவும் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. அதைத் தாண்டினால் நோட்டை மூடி "இவ்வளவுதான் முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று என் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னதைச் செய்கிறவர்கள் குறைவு. முடிக்காமல் அனுப்பினால் மானம் போய்விடும் என்று நினைக்கிறார்கள்.

செய்து கொடுப்பதைப் பற்றி. அச்சில் வார்த்த மாதிரி ஒரு வீட்டுப்பாடம் வந்தால் எனக்கு அதிலிருந்து ஒன்றுமே தெரிவதில்லை. ஒரு பையன் "மரம்" என்பதை "மறம்" என்று எழுதிவந்தால் நாளைக்கு ர, ற பற்றி அவனோடு பேச வேண்டும் என்று புரியும். (மறம் என்றால் வீரம். தோட்டத்தில் நிறைய வீரம் வளர்ந்தது என்று அன்றைக்குச் சிரித்தோம்.) அந்தத் தப்பை வீட்டிலேயே அழித்துத் திருத்தி அனுப்பினால் எனக்கு வர வேண்டிய கடிதத்தைக் கிழித்துப் போட்ட மாதிரி.

எப்ஸ்டீன் குழுவினர் உருவாக்கிய ஒரு வகை வீட்டுப்பாடம் எனக்குப் பிடிக்கும். அதில் குழந்தை வீட்டில் ஒருவரிடம் எதையாவது காட்டவோ, விளக்கவோ, பேட்டி எடுக்கவோ வேண்டும். பெற்றோர் சொல்லித்தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பே கிடையாது. கடைசியில், குழந்தையால் விளக்க முடிந்ததா என்று பெற்றோர் குறிக்க ஓர் இடம் மட்டும் இருக்கும். மாதம் இருமுறை இப்படி ஒன்று கொடுக்கிறேன். "உங்கள் வீட்டில் இருப்பவர் சின்ன வயதில் விளையாடிய விளையாட்டின் விதிகளைக் கேட்டு ஐந்து வரி எழுது" என்றது ஒருமுறை. ஐந்து வரி கேட்டதற்கு இரண்டு பக்கம் வந்தது.

நாங்கள் கடன் வாங்கிக் கழித்தோம். இப்போது என்னவோ உடைக்கிறார்கள், பிரிக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்தால் "மிஸ் அப்படிச் சொல்லலை" என்கிறாள். எது சரி?

இரண்டும் ஒன்றேதான். "பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு" என்றபோது நீங்கள் வாங்கியது ஒன்று அல்ல, ஒரு பத்து. அதை நமக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னது காதில் விழவில்லை. இப்போது முதலில் பத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு, பிறகு அதே சுருக்க வழிக்குப் போகிறோம். அவசரப்பட்டு சுருக்க வழியை முதலில் கொடுத்தால் விடை வந்துவிடும், 500-லிருந்து 263 என்று வரும் நாளில் எங்கே கடன் வாங்குவது என்று முழிப்பார்கள்.

வீட்டில் செய்ய ஒரு வழி உண்டு. "உங்க மிஸ் எப்படிச் செய்யச் சொன்னாங்க, எனக்குக் காட்டு" என்று முதலில் அவளிடம் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் "நான் இப்படிச் செய்வேன், ரெண்டுக்கும் ஒரே விடை வருதே, ஏன்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்க எனக்கே நேரம் கிடைப்பதில்லை.

எனக்கே கணக்கு என்றால் பயம். உதவாமல் இருப்பது நல்லதா?

2015-இல் எரின் மலோனியும் சியன் பைலாக்கும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள். கணக்கைக் கண்டு பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், வருட முடிவில் குழந்தைகள் குறைவாகக் கற்றிருந்தார்கள், அவர்களுக்கும் கணக்குப் பயம் கூடியிருந்தது. அதே பயமுள்ள பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. அதாவது பயம் ஒட்டிக்கொள்வது உதவி செய்யும் அந்த நேரத்தில்.

இதைப் படித்துவிட்டு ஒதுங்கிப் போய்விடாதீர்கள். வாய்ப்பாடு ஒப்பிக்கக் கேட்கலாம், தாயம் உருட்டலாம், படியேறும்போது இரண்டிரண்டாக எண்ணலாம். விட்டுவிட வேண்டியது ஒரே வாக்கியம்தான்: "எனக்கும் கணக்கு வராது, நம்ம குடும்பத்துக்கே வராது." குழந்தைகள் அதை அனுமதிச் சீட்டு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள்.

தானாக வாசிக்கத் தெரிந்துவிட்டது. இன்னும் நான் வாசித்துக் காட்ட வேண்டுமா?

ஆமாம். தானாக வாசிக்கும் புத்தகத்தைவிட ஒரு படி கடினமானதை. காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இந்த வயதில் வாசிப்புத் திறனைவிட முன்னால் ஓடுகிறது, புதுச் சொற்கள் அந்த வழியாகத்தான் வரும். நடுவில் நிறுத்தி "இவ ஏன் பொய் சொன்னா?", "அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழு 1988-இல் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு இப்படிக் கேட்கப் பழக்கியது. ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள், வழக்கம்போல வாசித்துக் காட்டப்பட்டவர்களைவிடப் பேச்சுத் திறனில் முன்னேறியிருந்தார்கள். பெரிய குழந்தைகளிடமும் இது எடுபடும். ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டால் மட்டும் கதை செத்துவிடும்.

மதிப்பெண் குறைந்தால் என்ன சொல்வது, கூடினால் என்ன சொல்வது?

கூடினால் "நீ புத்திசாலி" என்பதை விட்டுவிட்டு என்ன செய்ததால் வந்தது என்பதைச் சொல்லுங்கள். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட சோதனைகளில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் அடுத்து வந்த கடினமான புதிர்களில் சறுக்கியதும் சோர்ந்துபோனார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். குறைந்தால், விடைத்தாளைக் குழந்தையோடு உட்கார்ந்து பாருங்கள், பாதித் தப்புகளை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள்.

ஒரு குழந்தை பின்தங்கியிருக்கிறது என்பதைப் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

சீக்கிரமாக, நேராக, தனியாக. வருட முடிவில் ரேங்க் கார்டில் தெரிய வைப்பது அநியாயம். "கவனமில்லை", "சோம்பல்" மாதிரி வார்த்தைகளைத் தொடாமல் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "நீளமான சொற்களில் நின்றுவிடுகிறான். ஒரு பத்தியில் ஏழெட்டு இடம். வகுப்பில் நான் தினமும் பத்து நிமிடம் தனியாக வாசிக்க வைக்கிறேன். வீட்டில் எப்படி வாசிக்கிறான்?" கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அது கடினம். ஒருமுறை அப்படிக் கேட்டபோதுதான் அந்தப் பையன் புத்தகத்தை முகத்தருகே வைத்துப் படிக்கிறான் என்று அப்பா சொன்னார். கண்ணாடி போட்ட பிறகு பாதிப் பிரச்சினை போய்விட்டது. நான் மூன்று மாதமாக எழுத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் கூட்டத்தில் ஆளுக்குப் பத்து நிமிடம்தான். அதற்குள் என்ன பேச முடியும்?

குழந்தையையும் கூட உட்கார வையுங்கள். தன் நோட்டிலிருந்து, நன்றாக வந்த பக்கம் ஒன்றும் கஷ்டப்பட்ட பக்கம் ஒன்றும் எடுத்து அவளே காட்டட்டும். முதல் முறை உளறுவாள், முந்தின வாரம் வகுப்பில் ஒத்திகை பார்த்தால் சரியாகிவிடும். பெரியவர்கள் இருவரும் குழந்தை இல்லாத இடத்தில் அவளைப் பற்றிப் பேசி, வீட்டுக்குப் போய் "மிஸ் உன்னைப் பற்றி என்ன சொன்னாங்க தெரியுமா" என்று தொடங்கும் நாடகம் இதில் இல்லாமல் போகிறது. தனியாகச் சொல்ல வேண்டியது இருந்தால் கடைசி இரண்டு நிமிடம் போதும்.

தினமும் மூன்று முறை மெசேஜ் அனுப்பும் பெற்றோரை என்ன செய்வது?

பெரும்பாலும் அது பயம். பயத்துக்குத் தகவல்தான் மருந்து. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நானே எழுதுகிறேன்" என்று சொல்லி இரண்டு வாரம் தவறாமல் எழுதினால் மீதி மெசேஜ் தானாகக் குறையும். குறையாவிட்டால் தலைமையாசிரியரை வைத்து ஒருமுறை நேரில் பேசிவிடுங்கள்.

அம்மாவும் அப்பாவும் பிரிந்து வாழ்கிறார்கள், அல்லது தாத்தா பாட்டிதான் வளர்க்கிறார்கள் என்றால்?

யாரோடு பேச வேண்டும், யாருக்கெல்லாம் செய்தி போக வேண்டும் என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வகுப்பில் "அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வா" என்பதை "வீட்டில் கையெழுத்து வாங்கி வா" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

நாற்பது பிள்ளைகள். இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

எல்லாருக்கும் ஒரே வாரத்தில் எழுத முடியாது, நானும் எழுதுவதில்லை. வகுப்புக்குப் பொதுவான அந்த நாலு வரி வெள்ளிக்கிழமை போய்விடும், பத்து நிமிட வேலை. தனி வரி ஒரு நாளைக்கு இரண்டு குழந்தைகளுக்கு மட்டும். வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே போனால் யாரையும் மறக்க முடியாது, நாலு வாரத்தில் நாற்பதும் முடிந்துவிடும். இன்றைக்கு யார் முறையோ அந்த இரண்டு பேரைக் காலையிலிருந்தே கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பேன், எழுத ஏதாவது கிடைக்க வேண்டுமே. அப்படிக் கவனித்ததில்தான், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் பக்கத்துப் பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாட்டை ரகசியமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போன வரி அதுதான்.